லிங்க் எந்தச் சொல்லில் நிற்க வேண்டும்?

லிங்க் எழுதும் முறையைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். கோண அடைப்புக்குள் 'ஏ', ஓர் இடைவெளி, 'எச்ரெஃப்', சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் முகவரி. அடைப்பை மூடியதும் வாசகர் கண்ணில் படவேண்டிய சொல். பிறகு சாய்கோடு போட்ட 'ஏ'. 1991இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ் லீ உலகுக்குத் திறந்துவிட்ட வலைப்பக்கங்களிலும் அடிப்படை இதுதான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மேற்கோள் குறியில்தான் சறுக்குகிறார்கள். வேர்டில் தட்டச்சு செய்து ஒட்டினால் நேர்க்குறி வளைந்த குறியாகிவிடும். அதை உலாவி முகவரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். லிங்க் நீல நிறத்தில் சரியாகத்தான் தெரியும். சொடுக்கினால் இல்லாத பக்கத்துக்குப் போய் நிற்கும்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். எந்தச் சொல்லில் லிங்க் கொடுப்பது என்பதில்தான் எழுத்தாளருக்கு உண்மையான வேலை. '1806இல் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'வேலூரில்' என்பதில் லிங்க் கொடுத்தால் ஊரைப் பற்றிய பக்கம் வரும் என்று வாசகர் நினைப்பார். 'சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்' என்பதில் கொடுத்தால் அந்த நிகழ்ச்சியின் வரலாற்றை எதிர்பார்ப்பார். 'வேலூர்' வரை மட்டும் லிங்க் போட்டு, 'இல்' உருபை வெளியே விடவும் முடியாது. 'ரி' என்ற எழுத்துக்குள் மெய்யும் உயிரும் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவில் வெட்டினால் கொக்கி தனியே தொங்கும். தமிழில் வேற்றுமை உருபோடு முழுச் சொல்லையும் லிங்க்குக்குள் வைப்பதே முறை.

'இங்கே சொடுக்கவும்' என்று எழுதுவதை விட்டுவிடும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பார்வையற்ற வாசகர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில் ஒரு பக்கத்தின் லிங்க்குகளை மட்டும் பட்டியலாக வரவழைத்துக் கேட்க முடியும். பட்டியல் முழுக்க 'இங்கே, இங்கே, இங்கே' என்றே ஒலித்தால் அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

முகவரியை அப்படியே வெட்டி ஒட்டினால் போதாதா என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, 45 எழுத்துகள்! தமிழ்த் தலைப்புள்ள பக்கத்தின் முகவரியை ஒட்டிப் பாருங்கள், பத்தியே சிதறிப்போகும். அத்தனையையும் ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடிகிறதே, அதற்காகவே இந்த லிங்க் எழுதும் முறை எனக்குப் பிடிக்கும்.

லிங்க்குகள் சாகவும் செய்யும். 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற வலைப்பக்கச் சேவையை மூடியபோது அங்கிருந்த பக்கங்களைச் சுட்டியவை எல்லாம் ஒன்றாகச் செத்தன. அதனால் சுட்டப்படும் கட்டுரையின் பெயரையும் எழுதியவர் பெயரையும் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். முகவரி போய்விட்டாலும், அந்த இரண்டையும் வைத்து வாசகர் இணைய ஆவணக் காப்பகத்திலோ நூலகத்திலோ தேடிக்கொள்ளலாம்.