எதைப் பிடித்திருக்கிறோம்?

பிடிவாதத்துக்கு ஆங்கிலத்தில் ‘பெர்ட்டினேசிட்டி’ என்றொரு சொல் உண்டு. லத்தீன் ‘டெனேரே’ என்றால் பிடித்தல். முன்னால் ஒட்டியிருக்கும் ‘பெர்’ கடைசிவரை என்ற பொருளைத் தருகிறது. குத்தகைக்காரரைச் சொல்லும் ‘டெனன்ட்’டும் அந்த வேர்தான். நம் பிடிவாதத்திலும் விடாப்பிடியிலும் இருப்பது அதே பிடி. ‘ஆப்ஸ்டினசி’ வேறு ஜாதி. அதன் வேர் நிற்பதைச் சொல்கிறது, எதிரே போய் நின்றுகொள்வதை. பெர்ட்டினாசியா விடாமுயற்சியை ஒட்டிக் கிடக்கும் குற்றம் என்றார் சிசரோ. அப்படியானால் எல்லைக்கோடு எங்கே? ஜெயித்தால் விடாமுயற்சி, தோற்றால் பிடிவாதம் என்பது ஊர் வழக்கு. அது தீர்ப்பைத் தள்ளிப்போடுகிறதே தவிர, கோட்டைக் காட்டவில்லை.

மைசூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், காவிரியின் குறுக்கே இருக்கும் கண்ணம்பாடி அணையையே பார்க்கலாம். மைசூர் அரசு 41.5 டிஎம்சி தேக்க விரும்பியது. தஞ்சைப் பாசனம் கெடும் என்று சென்னை மாகாண அரசு மறுத்தது. பிரிட்டிஷ் இந்திய அரசு 11 டிஎம்சிக்குத்தான் அனுமதி தந்தது. 1911-ல் வேலை தொடங்கியபோது, அஸ்திவாரம் மட்டும் முழு அணைக்கான அளவிலேயே போடப்பட்டது. தலைமைப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா. அணை நீரில் விளையும் மாண்டியாவின் கரும்பைக் காட்டி, அந்தப் பிடி சரிதானே என்று மைசூர்ப் பக்கம் கேட்பார்கள். கரும்பு நன்றாக விளைந்ததால் அனுமதியை மீறியது சரியாகிவிடாது. தஞ்சையின் கடைமடை விவசாயிக்கு அதே அஸ்திவாரம் வெறும் அடாவடி. அவரவர் பக்கம்தான் சொல்லைத் தீர்மானிக்கிறது என்று கைகழுவவும் எனக்கு மனமில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதில் கெட்டிக்காரத்தனமானது: தவறான கருத்து மட்டுமே ஒருவரை மதவிரோதி ஆக்காது, எடுத்துச் சொன்ன பிறகும் விடாதிருந்தால்தான் குற்றம். எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கேட்ட பிறகு பிடி எப்படி மாறுகிறது என்பதே அளவுகோல்.

அந்தக் கோலால் அளந்தால், அஸ்திவாரம் போட்ட மைசூர் பிடிவாதக்காரன்தான். ஆனால் மைசூர் நடுவர் விசாரணைக்கு உட்பட்டது. 1914-ல் நடுவர் கிரிஃபினின் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக வந்ததும் சென்னை மேல்முறையீட்டுக்குப் போனது. பிடிவாதம் இடம் மாறியது. 1924 ஒப்பந்தத்தில் இரண்டு கைகளும் கொஞ்சம் தளர்ந்தன. கண்ணம்பாடிக்கு 44.827 டிஎம்சி, சென்னையின் மேட்டூர் அணைக்கு 93.5 டிஎம்சி, கூடவே, புதிதாக எவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்சலாம் என்று இருவருக்கும் வரம்பு.