பாடகனின் பாடு

கோயிற் பாடகனுக்கு முதலில் வேண்டுவது ஆர்வமே என்று சொல்லாதார் இல்லை. சொல்வாருட் பலர் அவ்வார்வத்தைக் கூலிக்குப் பதிலாகவே கொள்கின்றனர் என்பதுதான் நமது முறைப்பாடு.

வன்னியின் கத்தோலிக்க ஊர்களில் தபசு காலத்து வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டவர்க்கு அவ்வார்வம் இன்னதென விளக்க வேண்டியதில்லை. கோவாவிலே பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியாரின் நூல் அது. ஒல்லாந்தர் ஆண்ட காலம். கத்தோலிக்கக் குருமார் ஊர்களுக்கு வருவதே அரிது. பூசை மொழியோ லத்தீன். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிடும்வரை, சனங்கள் தம் மொழியிலே அழுவதற்கு இத்தகைய நூல்களே இடந்தந்தன.

அதை இராகமிழுத்து வாசிப்பவன் யார்? பகலெல்லாம் வயலிலோ கரைவலையிலோ நின்றவன். சுருதி சில வேளை பிசகும். சங்கீத வித்துவான் முகஞ்சுளிப்பார். அவனுக்கு அது பொருட்டன்று. கடைசி வரிசைக் கிழவிக்கும் சொல் தெளிவாக விழவேண்டும். அதுவே அவன் கவலை. ஒலிபெருக்கியும் மின்வாத்தியமும் வந்தபின் நால்வர் பாட நானூறு பேர் வாய்மூடி நிற்கும் கோயில்களையும் நாம் காண்கிறோம். அங்கே குரல் உண்டு. ஆர்வம் யாருக்காக என்பதே தெரியவில்லை.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஆர்வத்துக்கும் கிறிஸ்துவின் துன்பத்துக்கும் ஒரே சொல். தமிழில் அத்துன்பம் 'பாடுகள்'. உழைப்பவன் 'பாடுபடுகிறான்', இசைப்பவனையும் 'பாடு' என்றே ஏவுகிறோம். இவை வேறு வேறு சொற்கள் என்பர் இலக்கணகாரர். இருக்கட்டும். 1999 நவம்பரில் மடுக்கோயிலில் அடைக்கலம் புகுந்தோர் எறிகணைக்கு மாண்டனர். 2009இல் முல்லைத்தீவுக் கரையில் நிகழ்ந்ததை நாம் எடுத்தெழுத வேண்டியதில்லை. அவற்றுக்குப் பின்னர் ஊர் திரும்பித் தபசு காலத்தில் அந்நூலை மீண்டும் விரித்தவனுக்கு, வியாகுலம் என்பது ஏட்டுச் சொல்லா?

அவனிடத்தில்தான், "பக்திக்கு விலையா?" என்று கேட்கிறார்கள். ஆசிரியராகிய நமக்கும் இவ்வாய்பாடு பழக்கமானதே. 'தொண்டு' என்ற சொல்லால் நம் சம்பளக் கோரிக்கையை மூடிய மேடைகள் எத்தனை! அவன் வாரத்தில் மூன்று மாலை பிள்ளைகளைப் பழக்குகிறான். பஸ் காசும் அவனுடையது. திருவிழாக் கணக்கில் பந்தற்காரனுக்கு ஒரு தொகை, ஒலிபெருக்கிக்காரனுக்கு ஒரு தொகை. பாட்டுப் பழக்கியவனுக்கு அக்கணக்கில் ஒரு வரிதானும் எழுதப்படுவதில்லை.