தஞ்சைக் கல்லில் எங்கள் கொட்டியாரம்

லிங்கநகரிலிருந்து நாங்கள் 16 பெண்கள் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தோம். இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது. கொழும்பிலிருந்து திருச்சிவரை விமானம், பிறகு வான். பெரும்பாலானோருக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம்.

முதலில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனோம். இராஜராஜ சோழன் 1010இல் கட்டி முடித்த கோயில். 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். அதைவிட நெடுநேரம் எங்களை நிறுத்தி வைத்தவை சுவரெங்கும் வெட்டப்பட்டிருந்த எழுத்துக்கள்.

கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

“எந்த ஊரும்மா நீங்க?”

“திருகோணமலை, ஐயா.”

“அப்போ உங்க ஊர்ப்பக்கம் இங்க இருக்கே! கொட்டியாரம் தெரியுமா?”

“எங்கட கொட்டியாரமோ?” என்று எங்களோடு வந்த மூதூர் அக்கா வாய்விட்டே கேட்டுவிட்டார்.

சோழர் ஈழத்தின் வடபகுதியைப் பிடித்த பிறகு, இங்குள்ள சில ஊர்களின் வருவாயை இக்கோயிலுக்கு எழுதி வைத்தார்கள். அதில் கொட்டியாரப் பகுதியும் ஒன்று. நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் கடல் கடந்து தஞ்சைக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. அக்காவின் முகத்தில் வந்த மகிழ்ச்சி சற்று நேரத்தில் மாறியது. “நெல்லைக் கொண்டுபோன கணக்கு இருக்குது. விதைச்சவை ஆரெண்டு இருக்கோ?” என்று கேட்டார். அதைப்பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லை.

ஆனால் வேறு பெண்கள் இருக்கிறார்கள். நாங்களும் தமக்கையும் மனைவியரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டுக என்று அரசன் ஆணையிட்டிருக்கிறான். தமக்கை குந்தவையின் கொடைகள் தனியாகவே பதிவாகியுள்ளன. கோயிலில் ஆடல் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் உண்டு. எந்தத் தெரு, எந்த வரிசை, எத்தனையாம் வீடு, எவள் பெயர் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு வீடு, வருடத்துக்கு 100 கலம் நெல். அவள் இறந்தால் பங்கு யாருக்கு என்பதும் எழுதப்பட்டுள்ளது. அவர்கள் விரும்பித்தான் வந்தார்களா என்று கல் சொல்லவில்லை. எனினும் ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் இன்னாள் இந்த வீட்டுக்காரி என்று சொல்லலாம்.

இதைக் கேட்டபோது எங்களில் சிலர் பேச்சில்லாமல் நின்றார்கள். போரில் இடம்பெயர்ந்து, 2004இல் கடல் கொண்டதில் பத்திரங்களும் போய், இருக்கிற வளவுக்கு இன்றும் கையில் ஒரு துண்டுக் கடிதம் இல்லாதவர்கள் அவர்கள். வேலி போட்டதும் கிணறு வெட்டியதும் அவர்கள்தான். அதற்குச் சாட்சி அயலவர் வாய்ச்சொல் மட்டுமே.

கல்லில் எழுதினாலும் காவல் வேண்டும் என்பதைத் திருகோணமலையில் பிறந்த நாங்கள் அறிவோம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களால் கோட்டை கட்டினார்கள். மறுநாள் பார்த்த கங்கைகொண்ட சோழபுரத்திலும் அதே கதை. கோயிலின் மதிற்கற்களை 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்து அணைக்கட்டுக்கு எடுத்துப் போனார்கள். இராஜேந்திரனின் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்று செங்கல் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது.

சகோதரிகளே, எங்கள் நாட்டில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத இடத்தில் மகள்மாரை விட மகன்மாருக்கே முன்னுரிமை கொடுத்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. ஆகவே வீட்டுப் பெட்டியில் உள்ள அனுமதிப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கிறது? பின்னுரித்தாளர் யார்? பத்திரம் இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, கொடுத்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். பிரதியொன்றை வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள்.