வெட்கத்தால் மறைக்காதீர்கள்

 

வலப்பனையில் நான் அரபு கற்பித்து வந்த காலம். ஒருநாள் மஃரிபுக்குப் பின் ஓர் இளைஞர் வந்து, தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: "ஹஸ்ரத், வீட்டில் ஏழு மாதம். வெள்ளைபட்டுக்கொண்டே இருக்குது. தொழுகைக்கு என்ன செய்ய?"

ஷாபிஈ மத்ஹபின் சட்டத்தைச் சொன்னேன். வெள்ளைபட்டால் வுளூ முறியும், குளிப்பு கடமையாகாது. இடைவிடாது வந்தால் ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்து, வுளூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். அவர் நிம்மதியோடு போனார்.

பெயர் சொல்லாமல் இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "வெள்ளைதானா, தண்ணீரா என்று கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். அந்தச் சகோதரி மாற்றி வைத்திருந்த துணிகள் தண்ணீரில் தோய்த்தவை போல் இருந்தனவாம். பனிக்குடம் உடைந்திருந்தது. அன்றிரவே வேன் பிடித்து வைத்தியசாலைக்கு அனுப்பினோம். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தது.

நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் சொன்னதே பிழை. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் வெள்ளைபடுதல் அதிகரிப்பது இயல்பு. ஹோர்மோன் மாற்றமும் அதிக இரத்த ஓட்டமுமே காரணம். கிருமிகள் கருப்பைக்கு ஏறாமல் அது காக்கிறது. மெல்லியதாக, வெண்மையாக, துர்நாற்றமின்றி இருந்தால் அஞ்ச வேண்டாம். பருத்தி உள்ளாடை போதும். உள்ளே சோப்போ கிருமிநாசினியோ இட்டுக் கழுவாதீர்கள்.

மஞ்சள் அல்லது பச்சை நிறம், துர்நாற்றம், அரிப்பு, தயிர்போல் திரளுதல், சிறுநீர் கழிக்கையில் எரிவு ஆகியவை இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். தாமாக மருந்து வாங்கிப் போடாதீர்கள். இரத்தம் கண்டாலோ, தண்ணீர் குபுக்கென்றோ சொட்டுச் சொட்டாகவோ வந்தாலோ, 37 வாரத்துக்கு முன் சளிபோல் வழிந்தாலோ, விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு நிற்காத உதிரப்போக்கைப் பற்றி நபிகளாரிடமே (ஸல்) நேரில் கேட்டார்கள். வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் கேட்க நமக்கென்ன தயக்கம்?

தொழுகையின் சட்டத்தை எங்களிடம் கேளுங்கள். உடம்பின் நிலையை முதலில் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். கணவன்மாரே, நீங்களும் விசாரியுங்கள். அல்லாஹ் தாயையும் சேயையும் பாதுகாப்பானாக!