படத்தின் கீழே ஒரு பெயர்

ஒரு படத்திற்கு ஒரு ரூபாய். 1930களின் பிற்பகுதியில் ‘பாம்பே கிரானிக்கிள்’ நாளிதழ், மகளிர் மன்றத்தினர் சென்ற சிற்றுலா ஒன்றைப் படமெடுத்துக் கொடுத்த இளம்பெண்ணுக்கு அளித்த ஊதியம் அது. அவர் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞர் என்று பின்னாளில் வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. அந்த நாளிலோ, அவர் பெயரை அறிந்த வாசகர் ஒருவரும் இலர்.

குசராத்தின் நவ்சாரியில் 1913ஆம் ஆண்டு ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் ஹோமாய். தந்தை ஊர் ஊராகச் சென்று நடித்த நாடகக் குழுவைச் சேர்ந்தவர். பம்பாயின் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஹோமாய் ஓவியம் பயின்றார். ஒளிப்படக் கருவியைக் கையாளக் கற்றுத்தந்தவர், பின்னர் அவருடைய கணவரான மானெக்‌ஷா. படிப்பில் கிடைத்த ஓவியக் கண்ணும் வீட்டில் கிடைத்த தொழிற்பயிற்சியும் சேர்ந்தே அவரை உருவாக்கின.

‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா’ போன்ற இதழ்களில் அவர் எடுத்த தொடக்கக் காலப் படங்கள் பல, கணவரின் பெயரிலேயே வெளியாயின. பெண் ஒருத்தி எடுத்த படம் என்றால் மதிப்பு எப்படியிருக்கும் என்ற ஐயம் அக்காலத்திற்கு இருந்தது. இதில் ஒரு விந்தையும் உண்டு. கருவியைத் தூக்கிக்கொண்டு சேலையில் வந்து நிற்கும் பெண்ணை எவரும் பெரிதாக எண்ணாததால், பிறர் நெருங்க இயலாத இடங்களிலும் அவரால் தடையின்றி நடமாட முடிந்தது. மதிப்பின்மையையே நுழைவுச்சீட்டாக்கிக்கொள்வது எளிய செயலன்று. அதற்குரிய விலையையும் அவரே கொடுத்தார்.

எந்த ஓர் இதழிலும் பணியாளராகச் சேராமல் இதழ்களுக்காகப் படமெடுப்போரின் பிழைப்பு, உழவனின் பிழைப்பைப் போன்றது. விதைப்பது அவர் கையில்; விளைச்சல் அவர் கையில் இல்லை. நாள் முழுதும் அலைந்து எடுத்த படங்களுள் எது அச்சேறும் என்பதை இதழாசிரியர் முடிவு செய்வார். அச்சேறிய படத்திற்கே பெரும்பாலும் பணம். படச்சுருள், வேதிப்பொருள், பயணம் ஆகிய செலவுகளோ முன்னரே முடிந்துவிட்டிருக்கும். 1942இல் தில்லிக்குக் குடிபெயர்ந்த ஹோமாய், பிரிட்டன் அரசின் செய்தித்துறையில் பணியேற்றார். வேலை நேரம் போக மற்ற நேரங்களில் இதழ்களுக்குத் தனித்துப் படமெடுக்கவும் அவருக்கு இசைவு கிடைத்தது. மாதச் சம்பளம் அடுப்பை எரியவிட்டது. தனிப்பணி அவர் கண்ணை எரியவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அக்காலக் கருவிகளை எண்ணிப் பார்த்தால்தான் அந்தத் தொழிலின் கடுமை விளங்கும். அவர் கையாண்ட ஸ்பீட் கிராஃபிக் கருவியில் படத்தகடுகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். ஒரு சட்டகத்தில் இரண்டே தகடுகள். முதல் படம் எடுத்ததும் மறைப்பைச் செருகி, சட்டகத்தை வெளியே எடுத்துத் திருப்பிப் பொருத்தி, மறைப்பை நீக்கி, மூடியை மீண்டும் முடுக்கிவிட வேண்டும். ஒருமுறை ஒளிர்ந்த மின்னொளிக் குமிழ் கருகிவிடும். சுடச்சுட அதைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் தலைவர்கள் கைகுலுக்கிப் பிரிந்துபோயிருப்பார்கள். ரோலிஃபிளெக்ஸ் சற்று இரக்கமுள்ளது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம் தரும். அதை மார்பருகே பிடித்துத் தலைகுனிந்து நோக்க வேண்டும். தெரியும் காட்சியோ இடவலம் மாறித் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டி நூறு படம் எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழிக்கும் இன்றைய கைகளுக்கு இந்தச் சிக்கனம் வியப்பளிக்கலாம். எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதை முன்னுணர்ந்து காத்திருந்தாலன்றி அந்நாளில் ஒரு நல்ல படமும் கிட்டாது.

படம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. இரவில் இருட்டறைக்குள் நின்று கழுவி, உலர்த்தி, அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். பகலெல்லாம் தில்லியின் வெயிலில் மிதிவண்டியில் சென்றவரும், வீட்டில் மகனை வளர்த்தவரும் அவரே.

1947ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆட்சி மாற்றத்தின் பெருநிகழ்வுகள் அவருடைய கருவிக்குள் பதிந்தன. செங்கோட்டையில் ஏறிய கொடி, மௌண்ட்பேட்டனின் விடைபெறுதல், 1956இல் சிக்கிம் வழியே வந்த தலாய் லாமாவின் இளம் முகம் என்று அப்பட்டியல் நீளும். எடுக்காமல்போன படமொன்றும் உண்டு. 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளின் வழிபாட்டுக் கூட்டத்திற்குப் புறப்பட்டவர், கணவர் அழைத்ததால் திரும்பிவிட்டார். அன்று மாலை அங்கே துப்பாக்கி வெடித்தது. அந்த இழப்பை அவர் நெடுங்காலம் நினைத்து வருந்தினார். இறுதி ஊர்வலத்தை மட்டுமே அவரால் படமெடுக்க முடிந்தது. அந்தத் துயர வேளையிலும் கை நடுங்காமல் நின்றாக வேண்டும் என்பது இத்தொழிலின் இரக்கமற்ற கட்டளை.

அவர் மிகுதியாகப் படமெடுத்த தலைவர் நேரு. புறாவைப் பறக்கவிடும் நேரு, ‘படமெடுக்கத் தடை’ என்ற பலகையின் அருகில் நிற்கும் நேரு என அவர் பதித்தவை இன்றும் காணக் கிடைக்கின்றன. எவரையும் இழிவாகத் தோன்றும் கணத்தில் படமாக்கலாகாது என்பதில் ஹோமாய் உறுதியாயிருந்தார். 1964இல் நேரு மறைந்தபோது, சக கலைஞர்கள் காணாதவாறு முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். அழுதபின் பணியைத் தொடர்ந்தார்.

காலப்போக்கில் கணவர் பெயரின் நிழலிலிருந்து அவர் வெளியே வந்தபோது, ‘டால்டா 13’ என்ற புனைபெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பிறந்த ஆண்டு 1913. கணவரை முதலில் சந்தித்தது 13ஆம் வயதில். முதல் மகிழுந்தின் எண் டி.எல்.டி. 13. அவ்வளவே அதன் கதை.

1969இல் மானெக்‌ஷா மறைந்தார். அடுத்த ஆண்டு ஹோமாய் கருவியைக் கீழே வைத்தார். முண்டியடித்து, கண்ணியம் மறந்து படமெடுக்கும் புதிய கூட்டத்தின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது அவருக்குக் கையும் கண்ணும் தளரவில்லை. மகனோடு சிலகாலம் வாழ்ந்து, மகனும் மறைந்தபின் வடோதராவில் தனியே இருந்தார். செடிகளை வளர்த்தார். வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொண்டார். தம் படத்தொகுப்பை அல்காஸி கலை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2011இல் பத்மவிபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. அடுத்த ஆண்டு சனவரியில், தம் 98ஆம் வயதில் காலமானார். கருவியைக் கீழே வைத்தபின் வாழ்ந்த நாற்பதாண்டுகளில் அவர் அத்தொழிலுக்குத் திரும்பவேயில்லை.