ராஜபாளையமா, பொமரேனியனா?

ஆம்பூர் டேனரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் வெளியூரில். வீட்டுக்கு ஒரு நாய் வாங்கலாம் என்றதும் மனம் ராஜபாளையத்துக்குப் போனது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, இரண்டடிக்கு மேல் உயரம். 2005-இல் தபால்தலையில் வந்த நம் இனம்.

ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தது. தினமும் ஓட வேண்டும். கட்டியே போட்டு வளர்ப்பது பாவம்.

"பூனையைப் பார்த்து அது பாய்ஞ்சா, நீங்க பிடிப்பீங்களா?" என்றாள் மனைவி.

பொமரேனியன் என்று நாம் சொல்லும் இந்திய ஸ்பிட்ஸ், கேட் சத்தத்துக்கே குரைத்துவிடும். அடர்ந்த முடி என்பதால், மே மாத வெயிலில் அதற்கும் மின்விசிறி வேண்டும்.

நாய் பன்னிரண்டு வருடமாவது இருக்கும். அப்போது எனக்கு எண்பது. அந்த வயதில் மாட்டாஸ்பத்திரிக்கு நான் தூக்கிக்கொண்டு போகக்கூடிய நாய்தானே எனக்குச் சரி? பொமரேனியனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.