தாம்பூலப் பையில் இலை குற்றவாளி அல்ல! மயிலாப்பூர் முதல் அடையாறு வரை ஒரு வெற்றிலைப் பயணம்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் காலை ஏழு மணிக்கு நடந்தால், பூக்கூடைகளுக்கு நடுவே ஈரச் சாக்கு போர்த்திய இன்னொரு கூடையும் கண்ணில் படும். உள்ளே அடுக்கடுக்காக வெற்றிலை. சாக்கை விலக்குவதற்கு முன்பே விற்கிற அம்மாவிடமிருந்து கேள்வி வந்துவிடும்.

“தாம்பூலத்துக்கா, மாலைக்காம்மா?”

தாம்பூலத்துக்கு என்றால் ஓட்டை, கிழிசல் இல்லாத, நுனி முறியாத இலை வேண்டும். மாலைக்கு என்றால் ஒரே அளவில் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் லஸ் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகிறவர்கள் வாங்குவது இந்த இரண்டாவது ரகத்தை.

முன்பெல்லாம் மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருந்தது: “போட்டுக்கவா?” சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் கால் நீட்டி, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்துப் போட்டுக்கொண்ட தாத்தா பாட்டிகளுக்கான கேள்வி அது. மாட வீதியில் இன்று அந்தக் கேள்வியைக் கேட்பது அரிது. மயிலாப்பூரில் வெற்றிலை இப்போது பெரும்பாலும் கொடுப்பதற்கும் சாத்துவதற்குமான இலை.

கொடுப்பதற்கென்றே ஓர் இலை

வெற்றிலை மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு, எப்போதும் ஈரம் காயாத கொடிக்கால்களில் வளர்கிறது. வெயில் அதிகமானாலும் வாடும், தண்ணீர் தேங்கினாலும் அழுகும். குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டிய பயிர். சோழவந்தான் வெற்றிலையும் தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலையும் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றன. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் கிடைத்தது.

தமிழர் வாழ்க்கையில் இந்த இலை இல்லாமல் எந்தப் பேச்சும் உறுதியாவதில்லை. கல்யாணம் பேசி முடித்தால் அதற்குப் பெயரே நிச்சயதாம்பூலம். நாகஸ்வரக்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுப்பதும் வெற்றிலை பாக்கு வைத்த தட்டில்தான். நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் மனசு ஒப்பாது.

சிலப்பதிகாரத்திலும் இந்த இலை வருகிறது. மதுரையில் தன் கையால் சமைத்துப் போட்ட கண்ணகி, உண்டு முடித்த கோவலனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அதன் பிறகுதான் அவன் சிலம்பை விற்கக் கிளம்பினான். திரும்பி வரவில்லை. அவள் அவனுக்குக் கடைசியாகக் கொடுத்த உபசாரம் தாம்பூலம்தான்.

இந்த மரியாதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுமங்கலிகளுக்கு மட்டுமே தாம்பூலம் என்று வைத்து, கணவனை இழந்த பெண்களை ஓரமாக நிற்கவைத்ததும் இதே இலைதான். இன்று பல வீடுகளில் அந்தக் கோடு அழிந்துவருகிறது.

பெட்டிக்கடையில் இரண்டு இலைகள்

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு வந்தால் வெற்றிலையின் தோற்றமே மாறிவிடுகிறது. பாண்டி பஜாரையும் பனகல் பூங்காவையும் சுற்றியுள்ள கடைகளில் தாம்பூலப் பைகள் கட்டுக்கட்டாகத் தொங்குகின்றன. மணமக்கள் பெயரும் முகூர்த்தத் தேதியும் அச்சடித்துத் தருகிறார்கள். பைக்குள் தேங்காய், மஞ்சள், குங்குமம், இரண்டு வெற்றிலை. கொட்டைப் பாக்கு இருந்த இடத்தில் இப்போது பளபளக்கும் காகிதத்தில் ஒரு வாசனைப் பாக்குப் பொட்டலம்.

பக்கத்துத் தெருப் பெட்டிக்கடையில் ஸ்வீட் பீடா கிடைக்கும். கல்கத்தா இலையில் குல்கந்து, தேங்காய்த் துருவல், சோம்பு, மேலே ஒரு செர்ரி. கடைக்காரரின் தலைக்கு மேலே பாக்குப் பொட்டலங்கள் சரமாகத் தொங்குகின்றன. அருகில் குளிர்பானப் பெட்டி. அதில் இருக்கும் ஒரு பாட்டிலின் பெயரில் இன்னோர் இலை ஒளிந்திருக்கிறது: கோக்கா.

கோக்கா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளரும் புதர்ச்செடி. பெரு, பொலிவியா மலைவாழ் மக்கள் அதன் இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை செய்வார்கள். பசி, களைப்பு, உயரத்தில் வரும் தலைசுற்றல் எல்லாவற்றுக்கும் அதுதான் கைவைத்தியம். சும்மா மெல்லுவதில்லை. சுண்ணாம்போ, செடிகளை எரித்த சாம்பலோ சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் காரம்தான் இலையின் சத்தை வெளியே கொண்டுவருகிறது. நம் பாட்டிகளின் சுருக்குப் பை மாதிரி, அவர்களுக்கும் இலை வைக்க நெய்த பை உண்டு. விருந்தாளிக்கு இலை கொடுப்பதும், பூமித்தாய்க்கு இலை படைப்பதும் அங்கேயும் வழக்கம். கடல் கடந்து இருந்த இரண்டு மக்கள், இரண்டு வேறு செடிகள். ஆனால் பழக்கம் ஏறக்குறைய ஒன்று.

1860-ல் ஆல்பர்ட் நீமன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கோக்கா இலையிலிருந்து கொக்கைனைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். மரத்துப்போகச் செய்யும் மருந்தாக அது மருத்துவமனைக்குப் போனது. போதையாகத் தெருவுக்கும் போனது. 1886-ல் அட்லாண்டாவில் பிறந்த கோக்கா-கோலா பானத்திலும் தொடக்கத்தில் அந்த இலையின் சாறு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கைனை அதிலிருந்து நீக்கினார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

கோக்கா மெல்லும் பழக்கத்தையே 25 ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றது 1961-ம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தம். தங்கள் இலை வேறு, கொக்கைன் வேறு என்று வாதாடிய பொலிவியா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகி, இலை மெல்லும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு 2013-ல் மறுபடியும் சேர்ந்தது. இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கோக்கா சாகுபடியையும் இலையையும் தடை செய்கிறது.

வெற்றிலைக்கும் அதே வாதம் பொருந்துமா? பாதிதான் பொருந்தும். கோக்காவில் ஆபத்தான பொருள் இலைக்குள்ளேயே இருக்கிறது. வெற்றிலையில் அப்படி இல்லை. ஆபத்து, இலையோடு சேர்ந்து வாய்க்குள் போகும் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது.

கோட்டூர்புரம் பாலத்துக்கு அப்பால்

தி.நகரிலிருந்து கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டினால் அடையாறு. அங்கே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம். டாக்டர் சாந்தா தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்து வளர்த்த இடம். சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்ற பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரித்து வருவதும் இந்த நிறுவனம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985-லேயே சொல்லிவிட்டது. “நாங்க புகையிலை போடறதில்லையே” என்று ஆறுதல் பட்டவர்களுக்கு 2004-ல் அடுத்த அடி விழுந்தது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும், ஏன், வெறும் பாக்குமேகூட புற்றுநோய் உண்டாக்கும் என்று அதே முகமை அறிவித்தது.

காரணம், பாக்கில் உள்ள அரிகோலின். பாக்கு போட்டதும் உடம்பு சூடாகி, லேசாக வியர்த்து, ஒரு சுறுசுறுப்பு வருகிறதே, அது இதன் வேலை. பழகிவிட்டால் விடமுடியாமல் செய்வதும் இதுதான். வாயின் உள்தோலை நார் நாராக இறுகச் செய்வதிலும் இதற்குப் பங்கு உண்டு. கன்னம் விறைத்து, வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காரம் பட்டாலே எரியும். அந்த நிலை சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம்.

இலையோ, கிராம்பில் இருக்கும் யூஜினால் போன்ற வாசனை எண்ணெய்களைச் சுமக்கும் அப்பாவி. மிளகோடு சேர்ந்து ரசமாகும், சளிக்குக் கஷாயமாகும், நல்லெண்ணெய் தடவி வாட்டிக் குழந்தையின் நெஞ்சில் பற்றாகும்.

புகையிலை கலந்த குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழக அரசு 2013-ல் தடை விதித்தது. ஆனால் புகையிலை சேராத இனிப்புப் பாக்குப் பொட்டலத்துக்கு அந்தத் தடை கிடையாது.

பையைத் திறக்கும் சின்னக் கை

கல்யாணத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் நடப்பதைக் கவனியுங்கள். தேங்காய் சமையலறைக்குப் போகும். மஞ்சளும் குங்குமமும் சாமி அலமாரிக்குப் போகும். வெற்றிலை மேஜையிலேயே கிடந்து மறுநாள் வாடிவிடும். பாக்குப் பொட்டலம்? வீட்டுக் குழந்தைதான் முதலில் எடுக்கும். இனிப்பாக இருக்கிறது, வாசனையாக இருக்கிறது, மிட்டாய் மாதிரி இருக்கிறது. “பாக்குதானே, சாப்பிடட்டும்” என்று பெரியவர்களும் விட்டுவிடுகிறார்கள். எந்தக் கடையும் குழந்தைக்கு விற்கவில்லை. நாம்தான் மரியாதையோடு பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிறோம்.

கல்யாண வீட்டார் நினைத்தால் மாற்றுவது சுலபம். மரபுக்கு ஒரு கொட்டைப் பாக்கு போதும். அதை யாரும் மென்று தின்னப் போவதில்லை. பொட்டலத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் கல்கண்டு, ஏலக்காய், சோம்பு வைத்தால் தாம்பூலத்தின் கௌரவம் எதுவும் குறைந்துவிடாது.

வீட்டில் வெகுநாளாகப் பாக்கு போடும் பெரியவர் இருந்தால், நெட்டுவாக்கில் மூன்று விரல்களை வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றாலோ, வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலோ, பல் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாட வீதியில் அந்த அம்மா சாக்கை விலக்கி, தண்ணீர் தெளித்து, இலைகளை எண்ணி எடுக்கிறார். தாம்பூலத்துக்கு, மாலைக்கு. அடுத்த முறை மூன்றாவதாக இன்னொன்றையும் கேட்டு வாங்கலாம்: “ரசத்துக்கு நாலு இலை சேர்த்துக் கொடுங்கம்மா!”